ரிக் வேக்மனின் 'சிக்ஸ் வைவ்ஸ்': மறுவெளியீடு வாங்கலாமா?

கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர் பெயரில் ஆளுக்கொரு பாட்டாகப் போட்ட ஆல்பம் இது. அதன் 1973 எல்பி (இசைத்தட்டு) கையில் இருக்கும்போது 2015 மறுவெளியீட்டுக்குக் காசு போடலாமா, அதுவும் இப்போது கேட்டால் வெறும் விரல் வித்தையாகத் தெரிகிறதே என்று கேட்டிருந்தீர்கள்.

விரல் வித்தை விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். 'ஆன் ஆஃப் கிளீவ்ஸ்' இன்று எனக்கும் மூச்சு முட்டுகிற ஓட்டப்பந்தயம்தான், ஆலன் வைட்டின் டிரம்ஸ் இல்லாவிட்டால் பாதியில் நிறுத்தியிருப்பேன். ஆனால் எல்பியைத் திருப்பி 'ஜேன் சீமோர்' போடுங்கள். லண்டனில் செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்து ஆர்கனையே வாசித்துப் பதிந்தது அது, அந்தக் கீழ் சுரங்கள் அறையை நிரப்பும்போது வேக்மன் யாரிடமும் எதையும் நிரூபிக்க முயலவில்லை என்று புரியும். 'கேத்தரின் ஹோவர்ட்' பாட்டில் டேவ் கசின்ஸ் எலெக்ட்ரிக் பான்ஜோ வாசிப்பதையும் கவனியுங்கள், பலர் தவறவிடுவது.

சரி, காசு. உங்கள் எல்பி சுத்தமாக ஓடினால் ஸ்டீரியோவுக்காக மட்டும் வாங்க வேண்டாம். மறுவெளியீட்டோடு கூட வரும் டிவிடியில் அந்தக் காலத்துக் குவாட்ரபோனிக் (நாலு சேனல்) மிக்ஸ் இருக்கிறது, நாலு ஸ்பீக்கர் இருந்தால் அதற்காக வாங்கலாம். கீறல் விழுந்த எல்பி என்றால் யோசிக்கவே வேண்டாம், 'ஆன் போலின்' கடைசியில் வரும் அந்த மாலை நேரத் துதிப்பாடல் மெட்டைப் படபடவென்ற சத்தத்தோடு கேட்பது கொடுமை.