சூரியன் அங்கேயும் மேற்கில்தான் விழுகிறது

கேள்வி: ஆசிரியர் ஐயா, கொரோனாவின் ஒமிக்ரான் அலை இறங்கிவிட்டது. தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்று. கல்யாண நாளுக்கு மனைவியோடு நாலு நாள் மாலத்தீவு போய், கடற்கரையில் உட்கார்ந்து சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். மே மாதத்துக்கு இப்போதே டிக்கெட் போடலாமா, பொறுக்கலாமா? நாலு பேர் இப்படிப் போனால்தானே சுற்றுலாத் தொழிலும் பிழைக்கும்? (பெயர் வெளியிட வேண்டாம்.)
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில் (2022 பிப்ரவரி): மார்த்தாண்டத்தில் ஒருவர் வெளிநாடு போக ஊருக்குத் தெரியாமல் பெட்டி கட்டிவிடலாம் என்று நம்புகிறீர்களே, அந்தத் தைரியத்துக்கு முதலில் ஒரு கும்பிடு. 2020இல் வளைகுடாவிலிருந்து வந்தவர்களின் வீட்டுக் கேட்டில் சுகாதாரத் துறை ஒட்டிய ஸ்டிக்கர்கள் பல இடங்களில் இன்னும் முழுசாக உரியவில்லை. 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்பதில் 'வீடு' மட்டும் மிஞ்சி நிற்கும் ஒரு கேட்டைத் தாண்டித்தான் நான் அலுவலகம் வருகிறேன். வீட்டுக்காரர் அதைச் சுரண்டவும் இல்லை, மேலே பெயின்ட் அடிக்கவும் இல்லை. கேட்டால், "கிடக்கட்டும், வீடுதானே" என்கிறார்.

டிக்கெட் விஷயம் அப்புறம். அஸ்தமனம் பார்க்கப் போகிறேன் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. திப்ரூகரில் ஏறி, நாட்டிலேயே நீண்ட தூரம் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸில் மூன்று ராத்திரி தூங்கி எழுந்து, கழுத்தில் மஃப்ளரோடு கன்னியாகுமரியில் வந்து இறங்குகிறவர் எதைப் பார்க்க வருகிறார்? நீங்கள் நாகர்கோவிலில் ஒரு பஸ் மாறினால் போதும். கடைசியாக எப்போது போனீர்கள்? சென்னையிலிருந்து சொந்தக்காரர் யாராவது வந்தபோது, படகுத்துறை வரிசையில் இடம் பிடித்துக் கொடுக்கப் போயிருப்பீர்கள். அன்றைக்கும் சூரியனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். காரை எங்கே நிறுத்துவது என்று பார்த்திருப்பீர்கள்.

கன்னியாகுமரி அஸ்தமனத்தின் பெருமை பேசாத ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது. ஆனால் சூரியன் வருடம் முழுக்கக் கடலில் விழாது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் தெற்கே சாய்ந்து ஒழுங்காகத் தண்ணீரில் இறங்கும். வைகாசி, ஆனியில் வடக்கே நகர்ந்துவிடும். முக்கடல் கூடும் இடத்தில் நீங்கள் என்னதான் எம்பிப் பார்த்தாலும் கரைப்பக்கமாகப் போய் ஒளிந்துகொள்ளும். ஆனி மாதம் வந்த ஒரு வெளியூர்க்காரர், கடலில் விழவில்லையே என்று லாட்ஜ் மேனேஜரிடம் சண்டைக்குப் போனாராம். "இன்றைக்கு மேகம் சார், நாளைக்குக் கண்டிப்பாக விழும், ரூமை ஒரு நாள் நீட்டித்துவிடட்டுமா?" என்றாராம் மேனேஜர். அவர் மூன்று நாள் நீட்டித்தார் என்று சிலர் சொல்கிறார்கள், ஐந்து நாள் என்று லாட்ஜ்காரர்கள் சொல்கிறார்கள்.

சித்ரா பௌர்ணமி அன்று இன்னும் விசேஷம். மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறும். நின்ற இடத்திலிருந்து தலையை மட்டும் திருப்பினால் போதும். 2020இல் அது மே 7ஆம் தேதி வந்தது. ஊரடங்கில் கடற்கரை மூடிக்கிடந்தது. அதே நாள் இரவில்தான், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் திட்டத்தின் முதல் விமானங்கள் அபுதாபியிலிருந்து கொச்சிக்கும், துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் வந்து இறங்கின. இந்த 2022இல் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 16. மொத்தச் செலவு பஸ் டிக்கெட்டும் ஒரு பொட்டலம் கடலையும்தான்.

போனால், கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு நிற்கும் போட்டோக்காரரிடம் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்க, விரலை மடக்காதீங்க, அக்கா நீங்க ஓரமா வாங்க" என்று ஆட்டிவைத்து, சூரியனை உள்ளங்கையில் ஏந்தியதுபோல எடுத்துக் கொடுப்பார். பாதித் தொழிலைச் செல்போன் தின்றது, மீதியைக் கொரோனா தின்றது. கடலோரத்து ஈரக்காற்றில் கேமரா மாதக்கணக்கில் பைக்குள் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். ஊரடங்கு தளர்ந்து திரும்பி வந்தபோது முதல் செலவே அதைச் சுத்தம் பண்ணத்தான் என்றார் ஒருவர்.

சரி, மாலத்தீவு. ஏதோ சந்திர மண்டலத்துக்குப் போவதுபோல எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் நாகர்கோவிலிலிருந்து அதன் தலைநகர் மாலேக்கு நேர்கோடு போட்டால் 600 கிலோமீட்டர் சொச்சம். சென்னைக்குப் போட்டாலும் அதே 600 சொச்சம்தான். நம்மை ஆளுகிற ஊரும், நீங்கள் கல்யாண நாள் கொண்டாடப் போகிற ஊரும் நமக்கு ஒரே தூரம். திருவனந்தபுரத்தில் விமானம் கிடைத்து நீங்கள் மாலேயில் இறங்கும் நேரத்துக்கு, நாகர்கோவிலில் புறப்பட்ட கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியைத்தான் பிடித்திருக்கும். இதைச் சொல்லும்போதெல்லாம் சென்னைப் பத்திரிகை நண்பர் ஒருவர் கோபித்துக்கொள்வார். அதற்காகவே சொல்கிறேன்.

தேன்நிலவு விளம்பரங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் மாவட்டத்து வாத்தியார்களும் டீச்சர்களும் அங்கே சின்னச் சின்னத் தீவுகளில் கணக்கும் அறிவியலும் நடத்தப் போனவர்கள். 2020இல் விமானம் நின்றதும் பிழைக்கப் போன இந்தியர்கள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா போய், மே 10ஆம் தேதி மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சியில் இறக்கியது. ஜூன் 7ஆம் தேதி 700 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது. ஜூலை 1ஆம் தேதி அதே கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அதில் நம் கடற்கரைக் கிராமத்து மீனவர்கள் பலர். பிழைக்கப் போனவர்களைக் கப்பலேற்றி அனுப்பி ஒன்றரை மாதம் முடியவில்லை, ஜூலை 15ஆம் தேதி மாலத்தீவு சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. திறக்காவிட்டால் அடுப்பு எரியாது. 2019இல் 17 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2020இல் ஐந்தரை லட்சம் பேர்தான் வந்தார்கள். அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வந்தவர்களில் முதலிடம் இந்தியர்களுக்கு. ஒரு தீவு முழுக்க ஒரே விடுதி, ஊர்மக்கள் வேறு தீவில் என்று அமைத்திருப்பதால் அவர்களால் துணிந்து திறக்க முடிந்தது. நம் கன்னியாகுமரியில் அது நடக்குமா? லாட்ஜ், கோயில், மீனவர் வீடு, சங்குக் கடை எல்லாம் ஒரே தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன.

இங்கே ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பெயரை மறைத்தாலும் கையெழுத்தை மறைக்க முடியாது. 'ழ'வுக்கு மூன்று சுழி போடுகிறவர் இந்த மாவட்டத்தில் நீங்கள் ஒருவர்தான். 2020இல் இதே பக்கத்துக்குக் காரசாரமாக ஒரு கடிதம் போட்டிருந்தீர்கள். வடநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழியிலேயே மடக்கித் திருப்பி அனுப்ப வேண்டும், நோயைக் கொண்டுவந்து நம் தலையில் கட்டுகிறார்கள் என்று. நானும் சூடாகப் பதில் எழுதினேன். சந்தாவை நிறுத்துவேன் என்று மறுகடிதம் வந்தது. நிறுத்தவில்லை, நன்றி. இப்போது நீங்கள் போகிறீர்கள். அங்கேயும் 'ழ'வுக்கு மூன்று சுழி போடும் ஒருவர் இருக்க மாட்டாரா? 2021இல் நம் நாட்டில் டெல்டா வகைக் கொரோனா தலைவிரித்து ஆடியபோது, மே 13ஆம் தேதி முதல் தெற்காசியாவிலிருந்து யாரும் சுற்றுலா வரக்கூடாது என்று மாலத்தீவு நிறுத்தியது. ஜூலை நடுவில்தான் மறுபடி விட்டார்கள். உங்களைப்போல டிக்கெட் போட்டு வைத்திருந்தவர்கள் பணத்தைத் திரும்ப வாங்க அலைந்தார்கள்.

தொழில் பிழைக்கும்தானே என்கிறீர்கள். எந்த ஊர்த் தொழில்? கன்னியாகுமரி வியாபாரிக்கு வருடச் சாப்பாடு கார்த்திகை முதல் தை வரை வருகிற ஐயப்ப பக்தர்கள் கூட்டம். 2020இல் சபரிமலையில் முதலில் நாளுக்கு ஆயிரம் பேர், சனி ஞாயிறு இரண்டாயிரம் பேர் என்று கட்டுப்படுத்தியதும், இங்கே சீசன் கடைக்காரர் பாசிமாலையையும் வண்ண மணல் பாக்கெட்டையும் தானே எண்ணித் திரும்ப எண்ணி உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுப் பயணிகள் கதை இன்னும் மோசம். 2019இல் இந்தியாவுக்கு வந்தவர்கள் ஒரு கோடியே ஒன்பது லட்சம், 2020இல் இருபத்தேழு லட்சம். பத்மநாபபுரம் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பது தக்கலை பக்கத்தில், 1956இலிருந்து சாவி இருப்பது கேரள அரசிடம். நம் மண்ணில் நிற்கும் அரண்மனைக்குள் போகத் திருவனந்தபுரம் உத்தரவு வர வேண்டும் என்பதை நான் எழுதத் தொடங்கினால் இந்த இதழ் முழுக்கப் போதாது. போன மாதம் எழுதியதற்கே மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு அடுத்த இதழில் பதில்.

கடைசியில் கேள்விக்கு வருகிறேன். திட்டம் போடுவதில் தப்பில்லை, திட்டத்தை நம்புவதில்தான் வில்லங்கம். வழக்கமான பன்னாட்டு விமானங்களை டிசம்பர் 15 முதல் விடுகிறோம் என்று நம் அரசு அறிவித்தது 2021 நவம்பர் 26ஆம் தேதி. உலகச் சுகாதார நிறுவனம் ஒமிக்ரானுக்குப் பெயர் சூட்டியதும் அதே தேதி. டிசம்பர் 1ஆம் தேதி அறிவிப்பு வாபஸ். வழக்கமான விமானங்களுக்கு 2020 மார்ச்சில் போட்ட தடை, இதை எழுதும் 2022 பிப்ரவரி வரை நீங்கவில்லை. இதுவரை இருந்ததெல்லாம் இரு நாடுகள் பேசிவைத்து விட்ட ஏர் பபிள் விமானங்கள்தான். சிங்கப்பூரும் ஹாங்காங்கும் தமக்குள் அப்படி ஒன்றை 2020 நவம்பர் 22இல் தொடங்குவதாக இருந்து, முந்தின நாள் நிறுத்தின. 2021 மே 26 என்று மறுபடி நாள் குறித்து அதையும் தள்ளி, ஆகஸ்டில் ஒரேயடியாகக் கைவிட்டன. பணத்துக்கும் ஒழுங்குக்கும் பேர்போன இரண்டு ஊர்களுக்கே இந்தக் கதி.

ஆகவே ரத்து செய்தால் காசு திரும்பும் டிக்கெட்டா என்று பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது கணக்கில் சேராது, எழுத்தில் வாங்குங்கள். 2022 பிப்ரவரி நிலவரப்படி, புறப்படுவதற்கு 96 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். கொரோனா பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை மாமியார் வீட்டுக்குப் போக இ-பாஸ் எடுத்தவர்கள் நாம், அதெல்லாம் பெரிய காரியமில்லை. அங்கே போய் பாசிட்டிவ் ஆனால் விடுதியிலேயே அடைந்து கிடக்க வேண்டிவரும். அந்த நாட்களுக்கான வாடகையும் சாப்பாடும் யார் தலையில் என்று முன்கூட்டியே கேளுங்கள். நாலு நாள் பட்ஜெட்டில் போகிறவர் பதினைந்து நாள் பணம் கையில் இல்லாமல் புறப்படக் கூடாது. திரும்பி வந்தால் ஏழு நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற விதி 2022 பிப்ரவரி 14 முதல் எடுக்கப்பட்டுவிட்டது, கேட்டில் ஸ்டிக்கர் பயம் இல்லை.

இன்னொன்று. மே மாதம் அங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மாதம். அக்டோபர் வரை மழைக்காலம்தான். ஏஜென்ட் உங்களிடம் ஆஃபர் என்று சொன்னது அதைத்தான். அஸ்தமனத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலையில் மாஸ் ஹுனி என்று ஒன்று வைப்பார்கள். சூரை மீனை உதிர்த்து, துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய் சேர்த்து எலுமிச்சை பிழிந்து பிசைந்தது, தொட்டுக்கொள்ள மெல்லிய ரொட்டி. அடுப்பில் வைக்காத மீன் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் சந்தையில் சூரையைக் கண்டால் மூக்கைச் சுளித்துக்கொண்டு நெய்மீன் கூடைக்கு நகர்கிறவர்கள், அங்கே அதை டாலர் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நீங்கள் எனக்கு அனுப்ப வேண்டாம்.