பாரு சாகிப் மலையில் சீக்கியக் கல்வி மையம் எப்படி உருவானது?

இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது பாரு சாகிப். இதன் விதை விழுந்தது பஞ்சாபின் மஸ்துவானாவில். அங்கே வாழ்ந்த சீக்கிய ஆன்மிகப் பெரியவர் சந்த் அத்தர் சிங், ஆன்மிகமும் நவீனக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று விரும்பினார். அவருடைய சீடர் சந்த் தேஜா சிங், அந்தக் காலத்திலேயே ஹார்வர்டில் படித்தவர். குருவின் கனவுக்கு ஏற்ற இடமாக இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். 1950களில் நிலம் வாங்கப்பட்டது.

நிலம் வாங்கியதும் பள்ளி வந்துவிடவில்லை. இந்த இடைவெளிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தேஜா சிங்கின் சீடர் இக்பால் சிங், இமாசல வேளாண் துறையில் இயக்குநர் வரை உயர்ந்தவர். தேஜா சிங் 1965-இல் மறைந்த பிறகும், இங்கே கல்வி மையம் அமைக்கும் பொறுப்பை இக்பால் சிங் கைவிடவில்லை. 1986-இல் வெறும் 5 மாணவர்களோடு அகால் அகாடமி என்ற பள்ளி தொடங்கியது. பணி ஓய்வுக்குப் பின் பலரும் வீட்டோடு இருக்க நினைக்கும் வயதில், இவர் சரியான சாலைகூட இல்லாத மலையில் பள்ளி நடத்தினார்! காலையும் மாலையும் குர்பானி என்னும் சீக்கியப் புனிதப் பாடல்கள், நடுவில் அறிவியலும் கணிதமும் என்பதே அங்கே வழக்கம்.

அப்புறம் வளர்ச்சி வேகமானது. இந்தப் பள்ளியை நடத்தும் கல்கிதர் அறக்கட்டளையின் கீழ் வட இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அகாடமிகள் உருவாயின. 2008-இல் பாரு சாகிபிலேயே எட்டர்னல் பல்கலைக்கழகம் வந்தது, அதுவும் பெண்களுக்காக. கிராமத்துப் பெண்கள் உயர்கல்வி பெற இது பெரிய வாசல். 2022 ஜனவரியில் இக்பால் சிங்குக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே அவர் காலமானார்.