பிரிவெட் வேலி காங்கயத்துக்கு ஆகுமா?

கேள்வி: லண்டனில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே வாசலுக்கு வாசல் பிரிவெட் என்ற செடியை மதில் மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள். காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டைச் சுற்றி அதை வைக்க ஆசை. மகன் வரும்போது நாலு குச்சி கொண்டுவரச் சொல்லட்டுமா?
- ஒரு வாசகி, காங்கயம்

பதில்: வேண்டாங்க அம்மா. இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் இல்லாமல் வெளிநாட்டுச் செடியைக் கொண்டுவரக் கூடாது. 2003ஆம் ஆண்டு ஆணையே இருக்கிறது. அப்புறம், தோட்டத்து வீடு என்றால் வெள்ளாடு இருக்குமே! பிரிவெட்டின் இலையும் கறுப்புப் பழமும் ஆடு மாடுகளுக்கு விஷம்.

உங்களுக்குப் பிடித்தது அந்தச் சின்ன இலையும் பச்சைச் சுவரும்தானே? வீட்டு முன்னால் மருதாணி வையுங்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'எகிப்திய பிரிவெட்' என்றே ஒரு பேர் உண்டு. உறவு கிடையாது; பிரிவெட் மல்லிகைக் குடும்பம், மருதாணி மாதுளைக் குடும்பம். ஆனால் எதிரெதிர் இலை, கொத்தாய் வாசனைப் பூ, வெட்ட வெட்டத் தழைவது எல்லாம் அப்படியே. பென்சில் பருமன் குச்சியை முக்கால் அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். முழங்கால் உயரத்திலேயே நுனியைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடி மொட்டையாகிவிடும்.

தோட்டத்து எல்லைக்கு மட்டும் கிளுவை என்கிற முள்செடிதான். கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டைச் சுற்றி எங்கள் அப்பாரு கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய தடித்த கிளை) நடும்போது நான் கூடவே நின்றிருக்கிறேன். மழை ஈரத்தில், கடப்பாரையால் குழி போட்டுத்தான் போத்தை இறக்குவார். தட்டி இறக்க விடமாட்டார், அடிப்பட்டை பிளந்தால் அழுகிவிடும் என்பார். கிளைகளைப் பக்கத்துச் செடியோடு பின்னிவிட்டு, முதல் இரண்டு வருஷம் அடியில் வேலமுள் அடைப்பார். வெள்ளாட்டுக்குக் கிளுவைத் தழை என்றால் உயிர் அல்லவா! ராத்திரி சோறு உண்ணும்போதும் கையில் அந்தப் பிசின் வாசம் இருக்கும்.

இப்போது அந்த வேலிகளை ஜேசிபி வைத்துப் பறித்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. கௌதாரியும் காடையும் ஒதுங்க வேறு இடம் ஏது? உங்கள் பொழியில், அதாவது எல்லை வரப்பில், பழைய கிளுவை இருந்தால் அதைத் தொடாதீர்கள், இடைவெளியில் மட்டும் புதுப் போத்து நட்டால் போதும்.

ஒன்று, கோடையில் கிளுவை இலை உதிர்த்து வெறும் முள்ளாய் நிற்கும். பட்டுப்போச்சு என்று பிடுங்கிவிடாதீர்கள். பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாய் இருக்கும்.