போயா நாள் விருந்தும் ஐயாயிரம் ரூபாயும்

அன்புள்ள அக்கா,

திருகோணமலை உவர்மலையில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த ஏழு பேர் வரும் பௌர்ணமிப் போயா விடுமுறையன்று வருகிறார்கள். எல்லோருக்கும் ஒன்றாக ஓய்வு கிடைப்பது அன்று மட்டும்தான். கடையில் சாப்பாடு வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால், இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே சமைக்க நினைத்து ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஃப்ரைட் ரைஸ், கோழிப் பொரியல், இறால், கணவாய்க் கறி, கட்லட், சலாது, வட்டிலப்பம் என்று பட்டியல் போட்டேன். கணக்கு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. எல்லாவற்றிலும் அளவைக் குறைத்துப் பார்த்தும் சரிவரவில்லை. இரண்டு பேர் பௌர்ணமியன்று மரக்கறிதான் சாப்பிடுவார்கள். கிண்ணியா நண்பனுக்கு ஹலால் இறைச்சியாக இருக்க வேண்டும். "நாலு கறியாவது இல்லாமல் ஆட்களைக் கூப்பிடாதே" என்கிறார் அம்மா. என்ன கொண்டுவரட்டும் என்று நண்பர்கள் கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதைக் குறைப்பது? வீட்டில் சாப்பாட்டுக் கோப்பைகளும் நான்குதான் இருக்கின்றன.

ம., உவர்மலை

அன்புள்ள தம்பி,

உங்கள் பட்டியலைப் பார்த்தால் நண்பர்கள் வருவதுபோல் இல்லை, தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை வருவதுபோல் இருக்கிறது. ஏழு வகையையும் வைத்துக்கொண்டு அளவைக் குறைத்திருக்கிறீர்கள். ஆளுக்கு மூன்று இறால், ஒரு கட்லட் என்று வரும். நாலாவது இறாலுக்குக் கை நீட்டலாமா என்று யோசிக்க வைக்கும் விருந்தைவிட, இரண்டு கறியோடு வயிறு நிறையப் போடும் விருந்து மேல். வகையைக் குறையுங்கள், அளவைக் கூட்டுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைச் செய்யும் வழி.

முதலில் நாளைப் பாருங்கள். போயா என்றால் முழுநிலவு. நிலவுக் காலத்தில் சூடை, கீரி போன்ற சிறுமீன்களின் பிடிபாடு குறைந்துவிடும் என்பதை நம் கரையில் எந்த மீனவரும் சொல்வார். வெளிச்சமான இரவில் மீன் கூட்டமாக மேலே வராது, வலையும் அதன் கண்ணுக்குத் தெரியும். இருட்டு நாட்களில் மலிவாக அள்ளிக்கொண்டு வரக்கூடிய சூடைக்கு அன்று பாரை மீனின் மிடுக்கு வந்துவிடும். இறைச்சிக் கடைகளும் போயாவன்று பூட்டு. முதல் நாளே கோழி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் எந்தக் கடையில் வாங்கியது என்ற கேள்வியோடு உங்கள் கிண்ணியா நண்பர் சங்கடப்பட வேண்டும். மதுக்கடைகளும் அன்று இல்லை; அந்தச் செலவு உங்கள் கணக்கில் இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

ஆகவே மரக்கறிச் சாப்பாடாகவே வைத்துவிடுங்கள். பௌர்ணமி விரதக்காரர் இருவர், கிண்ணியா நண்பர், மற்றவர்கள் எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடலாம். "இவருக்கு இது, அவருக்கு அது" என்று தனித்தனியாகச் சமைப்பதில்தான் பாதிப் பணம் போகிறது. திருகோணமலைக்கு வந்து மீன் வாசனையே இல்லாமல் போவதா என்று யாராவது முனகினால், நெத்தலிக் கருவாட்டைக் கடைசியாக, வேறு தாச்சியில், வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு மொறுமொறுவென்று பொரித்துத் தனியாக வையுங்கள். நெத்தலிக்கு நிலவும் இல்லை, இருட்டும் இல்லை.

என் பரிந்துரை: சிவப்பரிசிப் பிட்டு, முருங்கைக்காய்க் குழம்பு, சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல். பிட்டு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். உதிர்ந்த பிட்டுக்காக மண் சுமந்து பிரம்படியும் பட்டவர் கோணேசராகச் சுவாமி மலையில் கோயில் கொண்டிருக்கும் ஊர் இது. இங்கே பிட்டை மலிவுச் சாப்பாடு என்று ஒளித்து வைப்பதில் நியாயமே இல்லை.

எட்டுப் பேருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக, வறுத்த சிவப்புப் பச்சையரிசி மா போதும். தம்பலகாமத்து அரிசி வாங்கி மில்லில் அரைத்து நீங்களே வறுத்தால் இன்னும் மலிவு. நேரம் இல்லையென்றால் பைக்கற் மாவும் குற்றமில்லை. பிட்டில் பணம் கெடுவதில்லை, தண்ணீரில்தான் காரியம் கெடுகிறது. மாவில் உப்பைக் கலந்து, கொதித்து இறக்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறுங்கள். மா ஈரமாகித் திரண்டு வரும்போதே நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன என்று கை போகும், போகவிடாதீர்கள். பிறகு அரிசி அளக்கும் சுண்டின் விளிம்பால் கொத்த வேண்டும். தகரப் பால்பேணி இருந்தாலும் சரி. ஒரே இடத்தில் குத்தாமல் பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டே, பெரிய கட்டி உடைந்து சிறிதாகி, மிளகளவு மணிகளாக வரும்வரை கொத்துங்கள். கை கடுக்கும், ஏழு பேர் சும்மாதானே இருக்கப் போகிறார்கள், சுண்டை அவர்களிடம் கொடுங்கள். தண்ணீர் கூடிக் களியாகிவிட்டால் பயப்பட வேண்டாம், உலர்ந்த மாவை ஒரு கைப்பிடி தூவி மறுபடி கொத்தினால் மீண்டுவிடும். துருவிய தேங்காய்ப்பூவைக் கலந்து, ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அழுத்தாமல் உதிரியாகப் போட்டு அவியுங்கள். அழுத்தினால் ஆவி ஏறாது, நடுவில் மா வெள்ளையாகவே இருக்கும். மேலால் ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகும் சில நிமிடம் விட்டு இறக்குங்கள்.

இன்றைக்குச் செலவு வைப்பது தேங்காய்தான். அதனால்தான் உங்களுக்குச் சொதியும் சொல்லவில்லை, தேங்காய்ச் சம்பலும் சொல்லவில்லை. இரண்டு தேங்காய் பிட்டுக்கு, ஒன்று குழம்புக்கு, மூன்றோடு முடிந்தது. குழம்பை இரண்டாம் பாலில் வேகவைத்து, பழப்புளி விட்டுக் கொதித்த பின் கடைசியில் முதற்பாலை ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் அந்தப் பாலில் இரண்டு கரண்டியைச் சம்பலுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் காலம் இது, மத்தியானமே துருவி வைத்தால் பொழுதுபடுவதற்குள் தேங்காய்ப்பூ புளித்துவிடும். அந்தியில் துருவுங்கள்.

கத்தரிக்காயைப் பொரிக்க வேண்டாம். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். பிட்டு அவிகிற நேரத்தில் பக்கத்து அடுப்பு நெருப்பில் நேரடியாகச் சுடுங்கள். தோல் கருகி, காய் தளர்ந்து, காம்படியில் சாறு கொதிக்கும்போது எடுத்து உரித்து மசித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எடுத்து வைத்த பால் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்தால் முடிந்தது. 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வீதியில் வரிசை நின்றவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பையும் முடிப்பது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நண்பர்கள் கேட்டதற்கு வேண்டாம் என்றது வீண் வீறாப்பு. உடனே தொலைபேசியில் கூப்பிட்டு அதை மாற்றிச் சொல்லுங்கள். கிண்ணியாக்காரர் ஒரு சட்டித் தயிர் கொண்டுவரட்டும். மட்டக்களப்பிலிருந்து யாராவது வந்தால் அவரும் ஒரு சட்டி கொண்டுவரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு எது நல்ல எருமைத் தயிர் என்று கேளுங்கள். அந்த வழக்கு நடுச்சாமம் வரை ஓடும், உங்களுக்கு ஒரு சதம் செலவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தால் பனங்கட்டி. வட்டிலப்பத்துக்கு வைத்த முட்டைக் காசு மிச்சம். இவ்வளவும் வாங்கி, வாழைப்பழச் சீப்பு ஒன்றும் எடுத்து, ஐயாயிரத்தில் மீதியை அடுத்த நாள் அவர்களைப் பஸ் ஏற்றிவிடுவதற்கு முன் தேநீருக்கு வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் குழம்பு, சம்பல், நெத்தலி, தயிர் என்று எண்ணிக் காட்டுங்கள். நாலு வந்துவிட்டது. தயிரைக் கறியில் சேர்க்கலாமா என்று அவர் கேட்டால் சிக்னல் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கோப்பைக்குப் பதிலாகச் சாப்பாடு போடும் லஞ்ச் ஷீட் வாங்கப் போக வேண்டாம். பக்கத்து வீட்டில் நான்கு கோப்பை கேளுங்கள், கொடுப்பார்கள். அவற்றை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கமில்லை, ஆகவே பிட்டுக்கு ஒரு சுண்டு மா கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா