அந்த முனகல்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

குறைமாதப் பிள்ளைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் மகன் 34 வாரத்தில் பிறந்தான். பிறந்து ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை, மூச்சு விடும்போதெல்லாம் 'ம்ம்… ம்ம்…' என்று முனகினான். சிணுங்குகிறான் என்று நினைத்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா வந்து பார்த்தவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆறு நாள் மூக்கில் குழாய். அதன் மறுமுனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. இப்போது நன்றாக இருக்கிறான். அந்த வீடியோவைத்தான் பார்க்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் எப்படி உயிரைக் காப்பாற்றும்? யார் கண்டுபிடித்தது?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

வீடியோவை அழிக்காதீர்கள். அதில் கேட்பது உங்கள் மகன் தனக்குத் தானே செய்துகொண்ட வைத்தியம்.

நுரையீரலின் நுண்ணறைகள் உள்ளே ஈரமானவை. காற்று வெளியேறியதும் நனைந்த பாலித்தீன் பை போல ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டாமல் காக்கும் ஒரு பொருளை நுரையீரலே சுரக்கிறது. ஆனால் கருவின் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவுக்கு ஊறும். குறைமாதப் பிள்ளைகளின் மூச்சுத்திணறலுக்கு இந்தப் பொருள் போதாமையே காரணம் என்று 1959இல் பாஸ்டனில் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். காரணம் தெரிந்ததே தவிர கையில் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக், உங்கள் மகனைப் போலவே ஐந்தாறு வாரம் முந்திப் பிறந்தவன், இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான்.

இனி முனகலுக்கு வருகிறேன். பலூனை முதலில் ஊதுவதுதான் கஷ்டம், கொஞ்சம் காற்று உள்ளே தங்கிவிட்டால் அடுத்த ஊதல் சுலபம். பிள்ளை அதைத்தான் செய்கிறது. குரல்வளையைப் பாதி மூடி, மூச்சு முழுவதும் போய்விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த இடுக்கில் கசியும் காற்றின் ஓசைதான் நீங்கள் கேட்டது. 1968இல் கேப்டவுன் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். முனகும் பிள்ளையின் மூச்சுக்குழலில் குழாயைச் செருகினால் முனகல் நின்றுவிடும். கூடவே ரத்தத்தில் ஆக்சிஜனும் இறங்கிவிடும். குழாயை எடுத்ததும் பிள்ளை மறுபடி முனகும், ஆக்சிஜனும் ஏறும். எனக்கு இந்தச் சோதனையை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது.

சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரகரி என்ற மயக்கவியல் மருத்துவர் அந்த முனகலின் வேலையைக் கருவிக்குக் கொடுத்தார். பிள்ளை தானாகவே மூச்சு விடட்டும், வெளிவிடும்போது மட்டும் உள்ளே கொஞ்சம் அழுத்தம் தங்கட்டும், அவ்வளவுதான். 1971இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் இருந்தவை மிக மோசமான நிலையில் இருந்த 20 பிள்ளைகள். 16 பேர் பிழைத்தார்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த 10 பேரில் 7 பேர்! கொடுத்துவந்த ஆக்சிஜனையும் 12 மணி நேரத்துக்குள் சராசரியாக 37.5 சதவீதம் குறைக்க முடிந்தது. இது சின்ன விஷயமல்ல. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் அளவுமீறிய ஆக்சிஜனால் ஆயிரக்கணக்கான குறைமாதப் பிள்ளைகள் பார்வையிழந்திருந்தார்கள்.

கிரகரி பெரும்பாலும் மூச்சுக்குழலில் செருகிய குழாய் வழியாகவே அழுத்தம் கொடுத்தார். நீங்கள் பார்த்த மூக்குக்குழாயும் நீர்க்குமிழியும் கொண்ட எளிய முறையை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் நெடுங்காலம் கையாண்டு நிலைநிறுத்தியவர் ஜென்-டியென் வுங். பாட்டிலில் அதிசயம் ஒன்றுமில்லை. குழாயின் நுனி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அத்தனை நீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியேற முடியும். அந்த எதிர்ப்புதான் நுண்ணறைகளைத் திறந்து வைக்கிறது. ஆழம் குறைந்தால் அழுத்தமும் குறையும். அதனால்தான் நர்ஸ்கள் நீர்மட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். கொப்பளிப்பு நின்றால் எங்கோ காற்று கசிகிறது என்று தேடுவார்கள்.

நீங்கள் சிணுங்கல் என்று நினைத்ததில் தவறே இல்லை. பழகாத காதுக்கு அப்படித்தான் கேட்கும். நர்ஸம்மாவின் காது பழகிய காது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இனி ஒரு பச்சைப்பிள்ளை மூச்சுக்கு மூச்சு முனகினால், விலா உள்ளே இழுத்தால், மூக்குத்துளை விரிந்து விரிந்து சுருங்கினால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்த வீடியோவை அவர்களுக்குப் போட்டும் காட்டலாம்.