ஒரே நாளில் ஐந்து கோட்டைகளா? பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் படிக்கிறாள். ஆகஸ்டில் நானும் என் அம்மாவும் அங்கே போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ‘அவுட்லேண்டர்’ தொலைக்காட்சித் தொடர் எடுத்த ஐந்து இடங்களை ஒன்பது மணிநேரத்தில் காட்டுவதாக ஓர் இணையதளம் விளம்பரம் செய்கிறது. நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் நேரக்கணக்கைப் பாருங்கள். ஃபாக்லண்ட், கூரஸ், டூன், லின்லித்கோ, பிளாக்னஸ் என்ற அந்த ஐந்து இடங்களையும் சுற்றி எடின்பரோ திரும்ப, சாலையில் மட்டும் ஏறக்குறைய நான்கு மணிநேரம் போய்விடும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம். மிச்சம் நான்கு மணிநேரத்தை ஐந்தால் வகுத்தால் ஓரிடத்துக்கு முக்கால் மணிநேரம்தான். வேனில் ஏறி இறங்குவதும் கழிப்பறை வரிசையும் அதற்குள்ளேயே அடக்கம். டூன் கோட்டைக்கு இது எந்த மூலைக்கு? தொடரில் லியோக் கோட்டையாக வருவது அதுதான். 1974-இல் மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு படமெடுத்ததும் அங்கேதான். அந்தக் குழுவின் டெரி ஜோன்ஸ் குரலிலேயே ஒலி வழிகாட்டி இருக்கிறது. அதைக் காதில் மாட்டிக்கொண்டு பெரிய மண்டபத்தையும் சமையற்கூடத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டாமா?

அடுத்து, விளம்பரத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். ‘பார்வையிடுதல்’ என்று போட்டிருந்தால் உள்ளே போவோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல வேளைகளில் வாசலில் நிறுத்திப் புகைப்படம் எடுக்கவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். உள்ளே போவதாக இருந்தாலும் நுழைவுக்கட்டணம் பெரும்பாலும் தனி. அதைவிடப் பெரிய வலை, விற்கிறவரும் வண்டி ஓட்டுகிறவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது. நடுவில் இருக்கும் இணையதளம் தரகு எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். பயணம் ரத்தானால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். என்னிடம் வருகிற புகார்களில் பாதி இந்த ரகம்தான். எனவே வண்டி நடத்தும் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, அவர்களிடமே நேரடியாக விலை விசாரியுங்கள். உள்ளே போவோமா, கட்டணம் சேர்ந்ததா, எத்தனை நிமிடம் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘இன்னும் இரண்டே இடங்கள்’ என்று திரையில் மினுக்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

இந்த ஐந்தில் இல்லாத மிட்ஹோப் கோட்டையைப் பற்றியும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஏமாற்றம் அதிகம் நடப்பது அங்கேதான். கதாநாயகனின் வீடான லாலிப்ராக் அது. தொடரில் அடுப்பும் படுக்கையறையும் மாடிப்படியுமாகப் பார்த்திருப்பீர்கள். அவை கம்பர்நால்ட் நகரத்து ஸ்டூடியோவில் போட்ட செட்டுகள். மிட்ஹோப்பின் உட்புறம் பாழடைந்து கிடக்கிறது, யாரையும் விடுவதில்லை. வெளியிலிருந்து பார்க்கலாம், வளைவு வாசலில் நின்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான். ‘லாலிப்ராக்கின் உள்ளே அழைத்துப்போகிறோம்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் வேறு எதையும் வாங்காதீர்கள். இன்னொன்று, அது ஹோப்டவுன் என்ற தனியார் எஸ்டேட்டின் நிலம், சுற்றிலும் விவசாயம் நடக்கிறது. எஸ்டேட் வேலைகளுக்காகச் சில நாட்கள் மூடிவிடுவார்கள். போகும் தேதியில் திறந்திருக்கிறதா என்று எஸ்டேட்டின் சொந்த இணையதளத்தில் பார்த்து, அங்கேயே முன்பதிவு செய்யுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் அங்குள்ள ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. டூன், லின்லித்கோ, பிளாக்னஸ் மூன்றும் ‘ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து’ என்ற அரசு அமைப்பிடம். கூரஸ் அரண்மனை ‘நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து’ என்ற அறக்கட்டளையிடம். மிட்ஹோப் தனியாரிடம். அரசு அமைப்பு தன் இடங்களுக்குச் சேர்த்து விற்கும் எக்ஸ்புளோரர் பாஸ் மற்ற இரண்டிலும் செல்லாது. தொடரைக் காட்டி உலகத்தையே அழைக்கிறார்கள், ஆனால் இந்த இடங்களுக்குப் பொதுவாக ஒரு டிக்கெட் போட இத்தனை ஆண்டுகளாக முடியவில்லை. தரகர்கள் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான்.

அம்மாவுக்காக நான் சொல்வது இது. பிளாக்னஸை விட்டுவிடுங்கள். முற்றத்தின் தரையே மேடுபள்ளமான வெறும் பாறை, மழை பெய்தால் வழுக்கும். எடின்பரோ வேவர்லி நிலையத்தில் ரயில் ஏறினால் இருபது நிமிடம் சொச்சத்தில் லின்லித்கோ. நிலையத்திலிருந்து சிறிது தூரம் ஏற்றத்தில் நடந்தால் அரண்மனை வந்துவிடும். 1542-இல் ஸ்காட்லாந்து அரசி மேரி பிறந்த இடம். தொடரில் வென்ட்வொர்த் சிறையாக வருவது இதன் நடைவழிகள்தான். சுழல்படிகள் குறுகல், அவற்றில் அம்மாவை ஏற்றாதீர்கள். நடுமுற்றத்தில் ஐந்தாம் ஜேம்ஸ் கட்டிய கல் நீரூற்று இருக்கிறது. மேலே கிரீடமும் அடுக்கடுக்காகச் சிற்பங்களுமாக நிற்கும் அதைச் சுற்றிவந்து பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். நீங்களும் மகளும் மாறிமாறி மேலே போய் வாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு டாக்ஸி பிடித்து மிட்ஹோப். டூனை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லிங் வரை ரயில், அங்கிருந்து டூன் வழியாகக் காலண்டர் (Callander) என்ற ஊருக்குப் போகும் பஸ்.

மிட்ஹோப் டாக்ஸியை மட்டும் காத்திருந்து திரும்ப அழைத்துவருவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். அந்த வயல்வெளியில் நின்றுகொண்டு வேறு வண்டி தேடினால் கிடைக்காது.