மிளகு வறுவலில் போட்டால் காளானின் சத்து போய்விடுமா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆன்டிபயாட்டிக் மாத்திரை எடுத்ததிலிருந்து அம்மாவுக்கு வயிறு சரியில்லை. காளான் சாப்பிட்டால் குடலில் நல்ல பாக்டீரியா வளருமாமே? மிளகு வறுவல் செய்தால் சத்து போய்விடுமா? போன வாரம் பட்டன் காளான் சாப்பிட்டு வயிறு உப்பிக்கொண்டது."

முதலில் ஒன்று. அம்மாவுக்குத் தண்ணீராகப் பலமுறை போகிறது, காய்ச்சலோ ரத்தமோ இருக்கிறது என்றால் காளானை மறந்துவிட்டு இன்றே டாக்டரைப் பாருங்கள்.

அப்படி இல்லையென்றால் தாராளமாகக் கொடுக்கலாம். தயிரில் இருப்பதுபோல நல்ல பாக்டீரியா காளானில் கிடையாது, ஏற்கெனவே நம் குடலில் இருப்பவற்றுக்கு அது தீனி. காளானில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நாரை நம்மால் செரிக்க முடியாது, அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன, பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அந்த பியூட்டிரேட்தான். ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலானவை சோதனைக்கூடத்திலும் எலிகளிலும் நடந்தவை. அதனால் மருந்தாக நினைக்காதீர்கள், நல்ல சாப்பாடு, அவ்வளவுதான்.

வறுத்தால் நார் போகாது. எண்ணெய்தான் பிரச்சினை, காளான் அதை அப்படியே குடித்துவிடும். பொடியாக நறுக்கி வெறும் இரும்புச் சட்டியில் போடுங்கள், தண்ணீர் விட்டுச் சுருங்கும், அந்த ஈரம் வற்றிய பிறகு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், கறிவேப்பிலை, இடித்த மிளகு, சோம்பு. சின்ன வெங்காயமும் பூண்டும்கூட பாக்டீரியாவுக்கு நல்ல தீனிதான், ஆனால் உப்புசம் அடங்கும்வரை அம்மாவின் பங்கில் குறைத்துக்கொள்ளுங்கள்.

உப்புசத்துக்குக் காரணம் பட்டன் காளானில் அதிகமுள்ள மானிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருளாக இருக்கலாம். சிப்பிக் காளானில் அது குறைவு. அதை ஒரு கைப்பிடி, வாரம் இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள், நன்றாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள்.

நூறு கிராம் காளானில் நார் 1 முதல் 2 கிராம்தான், ஒரு நாளைக்குத் தேவையோ சுமார் 30 கிராம். மீதிக்குக் கீரை, பயறு, அப்புறம் உங்கள் ஊர் கவுனி அரிசி இருக்கிறதே, சர்க்கரையும் நெய்யும் போட்ட விசேஷ வீட்டுப் பதார்த்தமாக இல்லாமல், இரவே ஊறவைத்து உப்புக் கஞ்சியாக.

மழை பெய்ததும் வேலியோரம் முளைப்பதைப் பறித்து வரவே வேண்டாம். எவ்வளவு வேகவைத்தாலும் நஞ்சு போகாத காளான்கள் இருக்கின்றன.